லேசான விசை

என் பிஸ்டலின் விசை இழுக்கக் கடினமானது. கைக்குள் அடங்குகிற சின்னத் துப்பாக்கி, கைப்பையில் போட்டுக்கொள்ளத் தோதானது. பையில் கிடப்பது எதிலாவது பட்டு வெடித்துவிடக் கூடாதே என்றுதான் கம்பெனிக்காரன் வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறான். வாங்கிய புதிதில் எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. இப்போது விரல்களில் மூட்டுவாதம். ஊறுகாய் பாட்டிலைத் திறக்கவே ராய்ஸைக் கூப்பிட வேண்டியிருக்கிறது.

ராய்ஸ் என் கணவன். வீட்டுக் கார் ஷெட்டிலேயே லைசென்ஸ் எடுத்துத் துப்பாக்கி பழுது பார்க்கிறான். நான் வீடு விற்றுக் கொடுக்கிறவள். மிசௌரியின் இந்த மலைப்பக்கத்தில் காலிப் பண்ணைவீடுகளுக்குக் குறைவில்லை. முன்பின் தெரியாதவர்களுக்கு அவற்றை நான் தனியாகத் திறந்து காட்ட வேண்டும். பக்கத்து மாவட்டத்தில் இதே தொழில் செய்த ஒருத்தியை, வீடு பார்க்க வந்தவன் அடித்து நிலவறையில் போட்டுப் பூட்டிவிட்டுப் போனான். அதிலிருந்து ராய்ஸ் ஒரு நிபந்தனை போட்டுவிட்டான். ஒவ்வொரு திங்கட்கிழமை காலையிலும் பிஸ்டலைக் காலி செய்து என் கையில் கொடுப்பான்.

"இழு, பாக்கலாம்."

நான் இழுப்பேன். டிக் என்று சத்தம் கேட்டால்தான் அந்த வாரம் தனியாகப் போகலாம். இல்லையென்றால் ஆபீஸில் உட்கார்ந்து போன் எடுக்க வேண்டும். இந்தப் பரீட்சை எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனாலும் எழுதினேன். மற்றவர்களின் காலி வீடுகளில் சாவியோடு சுற்றுவது எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

இந்த இலையுதிர் காலத்தில் ஒரு திங்கட்கிழமை விசை அசையவில்லை. இரண்டு விரலைப் போட்டு இழுத்தேன்.

"ரெண்டு வெரலா? வர்றவன்கிட்ட கொஞ்சம் நில்லுப்பான்னு சொல்லுவியா?" என்றான்.

"நீதான் துப்பாக்கி டாக்டராச்சே. வைத்தியம் பண்ணேன்."

பண்ணினான். ஒரு வாரம் சாப்பாட்டு நேரம் தவிர ஷெட்டை விட்டு வெளியே வரவில்லை. ஸ்பிரிங்கை மாற்றினான், உள்ளே ஒன்றோடொன்று உரசும் பாகங்களைக் கண்ணாடியாகத் தேய்த்தான். அடுத்த திங்கட்கிழமை நான் விரலை வைத்து லேசாக அழுத்தியதுமே டிக் என்றது. வலியே இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவன் பெருமை தாங்காமல் காபியைக் கீழே சிந்தினான்.

அந்தப் பெருமைதான் வினையாகிப் போனது. எங்கள் ஊரில் புதுக் குழந்தை பிறந்தால் எப்படிக் கை மாற்றிப் பார்ப்பார்களோ, அப்படித்தான் நன்றாக அமைந்த விசையையும் பார்ப்பார்கள். அதில் யாரும் தப்பு காண மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து ராய்ஸின் தம்பி கிளேட்டன் குடும்பத்தோடு சாப்பிட வந்திருந்தான். சர்ச் மூப்பர் ஹார்லனும் வந்தார். பன்றித் தொடையும் உருளைக்கிழங்கு சாலடும் தீர்ந்து, பீகன் கொட்டைப் பலகாரத்தை வெட்டும்போது ராய்ஸ் என் கைப்பையிலிருந்து பிஸ்டலை எடுத்தான். தோட்டா அடுக்கிய மேகசினை உருவினான், உள்ளே இருந்த தோட்டாவையும் வெளியே தள்ளினான். காலிதான் என்று எல்லோருக்கும் காட்டினான். அந்த விஷயத்தில் அவனை யாரும் குறை சொல்ல முடியாது.

ஆளாளுக்கு வாங்கி, சுவரில் மாட்டியிருந்த மான் தலையைக் குறி வைத்து டிக் டிக் என்று அழுத்தினார்கள்.

"அடேயப்பா! வெண்ணெயா வழுக்குதேப்பா," என்றார் ஹார்லன்.

"அக்கா, உங்களுக்கு மட்டும் இப்படியா? எங்க வீட்டுக்காரரு எனக்கு ஒரு கத்தரிக்கோல்கூட சாணை பிடிச்சுத் தரல," என்றாள் கிளேட்டனின் மனைவி மார்லா. அவர்களுடைய மூன்று வயதுப் பெண் ரென்னை எங்கள் படுக்கையில் தூங்க வைத்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள்.

சுற்று முடிந்தது. ராய்ஸ் மறுபடி தோட்டாக்களை ஏற்றினான். என் பையில் அது எப்போதும் அப்படித்தான் இருக்கும், அப்படியே திருப்பி வைப்பதுதான் ஒழுங்கு. அந்த நேரம் பார்த்து, சிகரெட் பிடிக்க வெளியே போயிருந்த கிளேட்டன் உள்ளே வந்தான்.

"என்னண்ணே, ரொம்பத்தான் பீத்திக்கிறே. அவ்ளோ லேசாவா இருக்கு?"

"லேசாவா? இங்க பாருடா," என்று ராய்ஸ் மான் தலையைப் பார்த்து அழுத்தினான்.

வெடித்தது. அந்தச் சின்ன அறையில் அவ்வளவு பெரிய சத்தத்தை நான் கேட்டதே இல்லை. மானுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதன் கழுத்துக்குக் கீழே சுவரில் ஒரு துளை. அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் எங்கள் படுக்கை.

மார்லா ஓடினாள். நாங்கள் பின்னால் ஓடினோம். தலையணையில் ஓட்டை, பஞ்சு வெளியே வந்திருந்தது. ரென் அங்கே இல்லை. தூக்கத்தில் சுற்றிச் சுற்றிப் புரளுகிற பிள்ளை அது. கட்டிலின் கால்மாட்டில் எழுந்து உட்கார்ந்து கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தது.

"என்னம்மா விழுந்துச்சு?" என்றது.

மார்லா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நேரே காருக்குப் போனாள். கோட்டைக்கூட எடுக்கவில்லை. கிளேட்டன் வாசலில் நின்று, "அண்ணி, அது இந்த வீட்டுல அப்படி இருக்கிற வரைக்கும் நாங்க வரமாட்டோம்," என்றான். அண்ணன் முகத்தை அவன் பார்க்கவில்லை.

ராய்ஸ் தலையணையை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தான். அவனிடம் கோபப்பட வேண்டும் என்று நினைத்தேன். முடியவில்லை. எனக்காகச் செய்த வேலை அது.

இருட்டுவதற்குள் போன் அடித்தது. ஹார்லன்தான். வீட்டுக்குப் போய்ச் சேர்ந்து எங்களை நலம் விசாரிக்கக் கூப்பிடுகிறார் என்று நினைத்து ஸ்பீக்கரில் போட்டேன்.

"கடவுள் காப்பாத்தினாரு. ஒண்ணு கேக்கணும் ராய்ஸ். அதே மாதிரி என்னோடதுக்கும் பண்ணித் தருவியா? மச்சானும் கேட்டான்."

ராய்ஸ் போனை வைத்துவிட்டு ஷெட்டுக்குப் போனான். பழைய ஸ்பிரிங்கை அவன் தூக்கிப் போட்டிருக்கவில்லை.

மறுநாள் திங்கட்கிழமை. மாவட்ட ரோட்டின் கடைசியில் ஒரு பண்ணைவீட்டைப் பார்க்க ஒருவன் மனைவியோடு வருவதாகச் சொல்லியிருந்தான். நான் சமையலறைக்கு வந்தபோது பிஸ்டல் மேசைமேல் இருந்தது. நான் கையை நீட்டினேன். ராய்ஸ் அதை என் கையில் கொடுக்கவில்லை. தானே என் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து மூடினான்.

"இழு பாக்கலாம்னு சொல்லலையா?" என்றேன்.

"நேரமாச்சு. கெளம்பு," என்றான் காபி கோப்பையைப் பார்த்துக்கொண்டே.

பண்ணைவீட்டு முற்றத்தில் காரை நிறுத்திவிட்டு, பிஸ்டலைக் காலி செய்து இழுத்துப் பார்த்தேன். ஒரு விரலால். பிறகு இரண்டு விரலால். பழைய கனம், அசையவே இல்லை. பையில் அது இருந்தால் யாருக்கும் ஆபத்தில்லை. என்னால் அதைச் சுட முடியாது என்பது ராய்ஸுக்கும் தெரியும். தெரிந்துதான் அனுப்பியிருக்கிறான். நான் வேலையை விடமாட்டேன் என்பதும் அவனுக்குத் தெரியும்.

தோட்டாக்களை மறுபடி போட்டுப் பைக்குள் வைத்தேன். மண்சாலையில் புழுதி கிளம்பியது. ஒரு பிக்கப் வண்டி வந்து என் காருக்குப் பின்னால் நின்றது. அதிலிருந்து ஒரு ஆள் மட்டும் இறங்கினான்.

"உங்க சம்சாரம் வரலீங்களா?" என்று கேட்டேன்.

"வரல," என்றான்.

எனக்குப் பயமாக இருந்தது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, சாவியை எடுத்துக் கதவைத் திறந்துவிட்டேன்.