ஏறப்போகும் சம்பளம்

"நிமலன், உங்களுக்கு எவ்வளவு சம்பளம்?"

கேட்டுவிட்டேன். நிமலனின் வீடு இருக்கும் பக்குரங்காவுக்கு வருகிற வழியெல்லாம் ரத்னா அக்கா காரில் படித்துப் படித்துச் சொன்னது இதைத்தான்: எதை வேண்டுமானாலும் பேசு, மாப்பிள்ளை வீட்டில் போய்ச் சம்பளத்தை மட்டும் கேட்காதே. என் அப்பாவும் அம்மாவும் சாத்தூரில் தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கிறார்கள். வேலைக்கு வந்த இந்த நாட்டில் பெண் வீட்டுப் பெரியவர் என்று சொல்லிக்கொள்ள எனக்கு இருப்பது, ஆஸ்பத்திரியில் கூட வேலை பார்க்கும் ரத்னா அக்கா ஒருவர்தான்.

ஆனால் வந்து உட்கார்ந்ததிலிருந்து ஓடியது முழுக்க என் சம்பளக் கதை. நிமலனின் அம்மா குணவதி என் தட்டில் ரோல்ஸ் வைத்தபடியே, நர்ஸ் அனஸ்தெடிஸ்ட்டுகளுக்கு, அதாவது மயக்க மருந்து கொடுக்கும் நர்ஸ்களுக்கு, இனி வரும் வருடங்களில் சம்பளம் எப்படி ஏறப்போகிறது என்று நெட்டில் படித்ததைச் சொன்னார். ஆளே கிடைக்காதாம், கேட்டது கொடுப்பார்களாம். அவன் அப்பா நவரத்தினம் அதைப் பிடித்துக்கொண்டு நகரத்தின் மறுகோடியில் மாசி என்ற பகுதியில் நாலு அறை வீடு வாங்குவது வரைக்கும் போய்விட்டார். இவனுக்கு மட்டும் என்றால் பாங்க் மார்ட்கேஜ் தராது, நீர் சேர்ந்தால் தரும் என்றார். அதனால்தான் கேட்டேன்.

நவரத்தினம் சிரித்தார். "இவன்ரை சம்பளத்தை விடும், பிள்ளை. அது பெரிசா ஏறாது. உம்மடைதான் ஏறும்."

அதை ஒரு பாராட்டாகத்தான் சொன்னார். ரத்னா அக்கா என் தொடையைக் கிள்ளினார்.

எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டும். எட்டு மாதமாக நிமலனைப் பிடித்துப்போய்த்தான் இந்த சோபாவில் வந்து உட்கார்ந்திருந்தேன். ஆனாலும் வாயை மூட முடியவில்லை.

"அப்படி ஒரு வேலையே இந்த நாட்டுல கிடையாது, ஆன்ட்டி," என்றேன்.

அவர் படித்தது அமெரிக்கக் கதை. அங்கே தனியாகப் படித்துவிட்டு நர்ஸே மயக்க மருந்து கொடுக்கிறாள். இங்கே டாக்டர் கொடுக்கிறார். நான் பக்கத்தில் நின்று குழாயும் மருந்தும் எடுத்துக் கொடுக்கிறேன். நர்ஸ் சம்பளம்தான். அதில் படிப்படியாக ஏறிக் கடைசிப் படிக்கு வந்தாயிற்று, இனி யூனியன் சண்டை போட்டு வாங்கினால்தான் உண்டு. யாரிடமும் இதைச் சேர்த்து வைத்துச் சொன்னதில்லை. ஊரில் நான் ஏறிக்கொண்டே இருப்பதாக நம்புகிறார்கள். எங்கள் வீட்டின் முதல் பட்டதாரிக்கு இருபத்தொன்பது வயதில் உச்சி வந்துவிட்டது.

குணவதி என்னைப் பார்க்கவில்லை. மகனைப் பார்த்தார். "நீயெல்லோ இவ அந்த வேலை எண்டு சொன்னனீ?"

"பேசிக்கலி சேம் தானே, அம்மா," என்றான் நிமலன்.

சேம் இல்லை என்று அவனுக்குத் தெரியும். என் வேலைக்கு அந்த அமெரிக்கப் பெயரை அவன் முதன்முதலில் சொன்னபோதே வித்தியாசத்தைச் சொல்லியிருக்கிறேன். வேலை முடிந்து என்னை எத்தனையோ நாள் ஆஸ்பத்திரி வாசலில் வந்து ஏற்றிக்கொண்டு போனவன்.

வீட்டின் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனான். தூறிக்கொண்டிருந்தது. கண்ணாடிக் கதவைச் சாத்திவிட்டு, குரலைத் தாழ்த்தி, "அப்பிடிச் சொல்லாட்டி அம்மா உன்னை வீட்டுக்கே கூப்பிட்டிருக்க மாட்டா," என்றான். இந்தியாக்காரி, தெரியாத குடும்பம், தகப்பன் தீப்பெட்டி ஆபீஸ். எல்லாவற்றையும் அந்தச் சம்பளம் ஒன்றுதான் அவன் அம்மாவுக்குச் சரிக்கட்டியதாம். இப்போது நான் உள்ளே போய், அந்தப் படிப்புக்குத்தான் அமெரிக்கா போகப்போகிறேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதுமாம்.

"எத்தனை வருஷத்துக்கு அப்படிச் சொல்லிக்கிட்டே இருக்கணும்?"

"ஒரு பிள்ளை பிறந்தா அவ மறந்திடுவா."

சிரித்தான். பிரச்சினை தீர்ந்துவிட்டதாக நிஜமாகவே நினைத்தான். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கும். எரிச்சலே அதுதான்.

"நீ போய்ச் சொல்லு," என்றேன். "இவளுக்கு இவ்வளவுதான் சம்பளம், இனிமேலும் பெரிசா ஏறாது, எனக்கு இவதான் வேணும்னு சொல்லு. நான் இங்கயே நிக்கிறேன்."

கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தான். அவன் அம்மா கைகளை மடியில் வைத்துக்கொண்டு சோபாவில் அப்படியே இருந்தார்.

"இண்டைக்கு வேண்டாம்," என்றான்.

அவ்வளவுதான். அதற்குமேல் யோசிக்க எனக்கு ஒன்றும் இருக்கவில்லை.

கதவைத் திறந்து உள்ளே போனேன். கிளம்பலாம் என்று ரத்னா அக்காவிடம் சொன்னேன். அவர் தட்டோடு பாதி எழுந்தார். தேத்தண்ணி ஊற்றுகிறார்கள், குடித்துவிட்டுப் போகலாமே என்றார் நவரத்தினம், யாரைப் பார்த்துச் சொல்வதென்று தெரியாமல். வேண்டாம் அங்கிள் என்றேன். வாசலில் செருப்பை மாட்டும்போது, நிமலன் அவன் அம்மாவிடம் இங்கிலீஷில் எதையோ விளக்கிக்கொண்டிருந்தது கேட்டது. என்னைக் கூப்பிடவில்லை.

ரத்னா அக்கா கார்ச் சாவியைத் தேடி எடுப்பதற்குள் நான் தெருவுக்கு வந்துவிட்டேன்.