குடித்தபின் பேச வேண்டும்

எங்கள் மையத்தின் மருந்து ஜன்னலில் ஒரு விதி உண்டு. மருந்தைக் குடித்தவர் அந்த இடத்தை விட்டு நகர்வதற்கு முன் ஒரு வார்த்தையாவது பேச வேண்டும். என்ன பேசினாலும் சரி. மருந்தை வாயில் அடக்கிக்கொண்டு போய், வெளியே குப்பியில் துப்பி விற்கிறவர்கள் முன்பு இருந்தார்கள். வாயில் மருந்து இருந்தால் பேச்சு வராது. அதனால் வந்த விதி இது. அவர்கள் பேசியதைப் பதிவேட்டில் வலது ஓரக் கட்டத்தில் நான் எழுதிக்கொள்வேன்.

போதைப் பவுடரை விட்டவர்களுக்கு, உடம்பு அதைத் தேடி அலையாமல் இருக்கக் கொடுக்கிற மாற்று மருந்து அது. கொழகொழவென்று, கசப்பாக, தினம் ஒரு வேளை. ஒரு நாள்கூடத் தவறக்கூடாது. அறுபத்து மூன்று பேர் வருகிறார்கள். காலை ஆறரைக்கு ஜன்னல் திறக்கும். குடித்துவிட்டு, "இன்னிக்கு வெயில் கொளுத்தும்" என்பார் ஒருவர். "சிஸ்டர் புதுச் செருப்பு போட்டிருக்காங்க" என்பார் இன்னொருவர். எல்லாம் பதிவேட்டில் இருக்கிறது. இப்படி ஒரு அரசாங்கப் பதிவேடு வேறு எங்கேயும் இருக்காது என்று நினைக்கிறேன்.

அறுபத்து மூன்று பேரில் ஒருவன் என் தம்பி.

மருந்தை அளப்பதும் பதிவதும் என் வேலை. உறவுக்காரர்களுக்கு அளக்கக் கூடாது என்பதால், அவன் முறை வரும்போது அளவுக் குவளை நர்ஸ் கைக்குப் போய்விடும். பேனா மட்டும் என் கையில். அவன் ரொட்டிக் கம்பெனி வேன் ஓட்டுகிறான். ஆறரைக்கு மருந்து, ஏழரைக்கு வண்டி. பதினாலு மாதமாக அவன் பேசியது ஒரே வாக்கியம்தான்: "வேலைக்கு நேரமாச்சு." நானும் பதினாலு மாதமாக அதையே எழுதிக்கொண்டிருந்தேன்.

அதற்கு முன்னால் ஆட்சி மாறியபோது பதினோரு நாள் ஜன்னலை மூடினார்கள். பழைய அரசாங்கம் போட்ட மருந்து ஒப்பந்தத்தைப் புதிய அரசாங்கம் ரத்து செய்தது. புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட ஆளில்லை. வெற்றி விழாவில் எல்லோரும் பிஸி. நாலாவது நாள் மத்தியானம் என் தம்பியைக் குளியலறைத் தரையில் பார்த்தேன். மருந்து இல்லாமல் மறுபடி பவுடருக்குப் போயிருந்தான், உதடு நீலமாக இருந்தது. பிழைத்துக்கொண்டான். அந்தப் பதினோரு நாளில் பிழைக்காதவர்கள் மூன்று பேர். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆற வேண்டும் என்ற ஆசையும் இல்லை.

இப்போது மறுபடியும் ஆரம்பித்திருந்தார்கள். 'போதையில்லா மாநிலம்' என்று புதிய திட்டம். போதைக்கு மாற்றாக அரசாங்கமே இன்னொரு போதையைக் கொடுப்பதா என்று ஆளுங்கட்சி மேடையில் முழங்கியது. எதிர்க்கட்சி, ஜன்னலைத் திறந்தது நாங்கள்தான் என்று சொல்லிக்கொண்டே, மூடுவதற்கு எதிராக ஒரு விரலையும் அசைக்கவில்லை. மூடினால்தானே அடுத்த தேர்தலில் பேச முடியும். முப்பதாம் தேதியோடு மூடல் என்று எங்களுக்கு வாய்மொழியாகத் தகவல் வந்தது. அதற்கப்புறம் அருகில் உள்ள மையத்துக்குப் பேருந்தில் இரண்டு மணி நேரம். தம்பி அங்கே போய்வந்தால் வேன் இல்லை. போகாவிட்டால் தம்பியே இல்லை.

மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் என்று ஒன்று வைத்தார்கள். போனேன். மண்டபம் நிறைய ஜனம். தண்ணீர் வராதவர்கள், ரேஷன் அட்டை கிடைக்காதவர்கள், நாலாவது முறையாக அதே மனுவைக் கொண்டுவந்தவர்கள். மைக் பக்கத்தில் கையில் பட்டியலோடு ஒருவர் நின்றார்.

"நீங்க யார் பக்கம்?" என்று கேட்டார்.

"மருந்துப் பக்கம்."

"அது இல்லம்மா. ஆளுங்கட்சி சார்பாவா, எதிர்க்கட்சி சார்பாவா? ரெண்டு பட்டியல்தான் இருக்கு."

"ரெண்டுலயும் இல்லாதவங்க பேசணும்னா?"

அவர் பின்னால் திரும்பிப் பார்த்தார். இப்படி ஒரு கேள்வி அன்று காலையிலிருந்து வரவில்லை போலிருக்கிறது. "மனுவைப் பெட்டியில போட்டுட்டுப் போங்க" என்றார்.

பெட்டி வழிந்துகொண்டிருந்தது. மேலே கிடந்த மனுவின் மேல் யாரோ டீ கப்பை வைத்திருந்தார்கள். நான் என் மனுவைப் போடவில்லை. வீட்டுக்கு வந்து, மையத்தின் நடைமுறைக் கையேட்டை முதல் பக்கத்திலிருந்து படித்தேன். அதை முழுதாகப் படித்த முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். சில பக்கங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன, நகத்தால் பிரிக்க வேண்டியிருந்தது.

முப்பத்து நாலாம் பக்கத்தில் கிடைத்தது. மையத்தை மூடுவதற்கு முன் சட்டமன்ற உறுப்பினர் ஆய்வு நடக்க வேண்டும். ஆய்வுக்கு வருகிறவர் முதல் நோயாளியிலிருந்து கடைசி நோயாளி வரை நின்று பார்க்க வேண்டும். பதிவேட்டின் ஒவ்வொரு பக்கத்துக்கும் கீழே கையெழுத்திட வேண்டும். என்ன வாசகத்துக்குக் கீழே என்பதும் அச்சாகியிருந்தது: 'மேற்கண்டவர்கள் என் முன்னிலையில் மருந்து அருந்திப் பேசினர். பேசியவை சரியாகப் பதிவாகியுள்ளன. மையம் முறையாகச் செயல்படுகிறது.'

ஒரே ஒரு கடிதம் எழுதினேன். மேலே இரண்டு பெயர். இந்தப் பகுதியின் ஆளுங்கட்சி உறுப்பினர், பக்கத்துத் தொகுதியின் எதிர்க்கட்சி உறுப்பினர். இருவரையும் ஒரே நாள், ஒரே நேரம் அழைத்திருந்தேன். தனித்தனியாக எழுதியிருந்தால் இரண்டு பேரும் வந்திருக்க மாட்டார்கள். இன்னொருவன் வருகிறான் என்று தெரிந்ததும் இரண்டு பேரும் மறுநாளே சம்மதம் சொன்னார்கள்.

ஜன்னலுக்கு வருகிறவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். "புதன்கிழமை வெளி ஆளுங்க நிப்பாங்க. முகம் காட்ட விரும்பாதவங்க ஆறு மணிக்கே வந்து குடிச்சிட்டுப் போயிடலாம்." தம்பியிடம் வீட்டில் தனியாகவும் சொன்னேன். ரொட்டிக் கம்பெனி முதலாளி அந்த ஆளுங்கட்சி உறுப்பினரின் மைத்துனர். தம்பி மருந்து குடிப்பது அங்கே யாருக்கும் தெரியாது.

"நீ ஆறு மணிக்கு வந்துடு" என்றேன். அவன் தலையாட்டினான். அவன் தலையாட்டலுக்கு என்ன அர்த்தம் என்று எனக்கு எப்போதுமே தெரிந்ததில்லை.

புதன்கிழமை ஆறு மணிக்கு நானும் நர்ஸும் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஒருவரும் வரவில்லை.

"எல்லாரும் பயந்துட்டாங்களா?" என்றாள் நர்ஸ்.

ஆறு இருபத்தைந்துக்கு வெளியே எட்டிப் பார்த்தேன். அறுபத்து மூன்று பேரும் வரிசையில் நின்றிருந்தார்கள். சிலர் சலவைச் சட்டை போட்டிருந்தார்கள். கடைசியில், கம்பெனிச் சீருடையில், என் தம்பி. கையைக் காட்டிப் போ என்றேன். அவன் வானத்தைப் பார்த்தான்.

உறுப்பினர்கள் இருவரும் ஆளுக்கு ஐந்து பேரோடு வந்தார்கள். உடன் வந்தவர்களை வெளியே நிறுத்தினேன், செல்போன்களைத் தட்டில் வைக்கச் சொன்னேன். "நான் யார்னு தெரியுமா?" என்று ஆரம்பித்தார் ஆளுங்கட்சிக்காரர். "தெரியும் சார், தட்டுல வைங்க" என்றேன். எதிர்க்கட்சிக்காரர் தன்னுடையதை உடனே வைத்துவிட்டு, இவரை ஒரு பார்வை பார்த்தார். இவரும் வைத்தார். இந்த இரண்டு பேரை வைத்து ஒரு மலையைக்கூட நகர்த்திவிடலாம் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

முதலில் வெல்டர். குடித்தார், தண்ணீர் விட்டுக் கொப்பளித்து விழுங்கினார், அவர்களைப் பார்த்துப் பேசினார்.

"இது நானூத்திப் பன்னெண்டாவது நாள். இதுக்கு முன்னாடி நான் நாலு நாள் சேர்ந்தாப்ல வேலைக்குப் போனதில்ல."

எழுதிக்கொண்டேன். அடுத்து டாக்சிக்காரர்.

"போதையில்லா மாநிலம்னு என் வண்டிக் கண்ணாடில ஒட்டிட்டுப் போனாங்க சார். ஒட்டினவனே பின் சீட்ல உக்காந்து, பவுடர் எங்க கிடைக்கும்னு என்கிட்ட கேட்டான்."

எதிர்க்கட்சிக்காரர் சிரித்தார். டாக்சிக்காரர் அவர் பக்கம் திரும்பி, "உங்க ஆட்சியிலயும் இதேதான் சார், ஸ்டிக்கர் மட்டும் வேற கலர்" என்றார். சிரிப்பு நின்றது. இரண்டையும் எழுதினேன்.

பதினொன்றாவதாக தையல்காரப் பெண்மணி. குடித்துவிட்டுக் குவளையை மெதுவாகக் கீழே வைத்தார்.

"போன தடவை மூடினப்போ ஏழாவது நாள் என் வீட்டுக்காரர் போயிட்டார்."

"அது அவங்க ஒப்பந்தத்துல இருந்த ஓட்டை" என்றார் ஆளுங்கட்சிக்காரர்.

"ரத்து பண்ணது யாரு? நாங்களா?" என்றார் மற்றவர்.

"நீங்க கமிஷன் அடிச்ச ஒப்பந்தம்யா அது!"

பெண்மணி இருவரும் ஓயும்வரை காத்திருந்தார். "எனக்கு அவர் போன தேதி தெரியும். அன்னிக்கு யார் ஆட்சின்னு தெரியாது" என்றார். பிறகு பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதற்கப்புறம் ஜன்னல் பக்கம் யாரும் கட்சி பேசவில்லை. அவர் சொன்னதை எழுதினேன், அந்த வரி இன்றைக்கும் பதிவேட்டில் கோணலாகத்தான் இருக்கிறது.

இருபத்தொன்றாவது ஆளோடு முதல் பக்கம் முடிந்தது. பதிவேட்டை நீட்டினேன். ஆளுங்கட்சிக்காரர் வாசகத்தைப் படிக்கக் கண்ணாடியைத் தேடினார்.

"அவசரமில்ல சார்" என்றேன். "அவர் முதல்ல போடட்டும். மேல இருக்கிற கையெழுத்துதான் முதல் ஆய்வாளர்னு பதிவாகும்."

அதுவும் கையேட்டில் இருந்ததுதான், நான் பொய் சொல்லவில்லை. எதிர்க்கட்சிக்காரர் பேனாவைத் திறந்துவிட்டார். கண்ணாடி தேடியவர் பாய்ந்து பதிவேட்டை இழுத்து மேலே கையெழுத்துப் போட்டார். மற்றவர் விடுவாரா? கீழே அதைவிடப் பெரிதாகப் போட்டார். இரண்டாவது பக்கத்தில் எதிர்க்கட்சிக்காரர் முந்திக்கொண்டார். இரண்டு பேரும் ஒரு எழுத்தும் படிக்கவில்லை. நர்ஸ் சிரிப்பை அடக்க முடியாமல் மருந்து அலமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டாள்.

அறுபதாவது ஆளோடு ஆளுங்கட்சிக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். "போதும்மா, பார்த்தாச்சு."

"கடைசி ஆள் வரைக்கும் நிக்கணும் சார். வேணும்னா நீங்க கிளம்புங்க, அவர் இருந்து முடிச்சுக் குடுப்பார்."

நின்றார்.

அறுபத்து மூன்று. அளவுக் குவளையை நர்ஸிடம் கொடுத்தேன். தம்பி குடித்தான். தண்ணீர் குடித்தான். ஆளுங்கட்சிக்காரரின் பார்வை சட்டைப் பைமேல் இருந்த கம்பெனி முத்திரையில் போய் நின்றது.

"இது நம்ம மச்சான் கம்பெனி சட்டையாச்சே?" என்றார். "ஏம்ப்பா, அங்க வேலை செய்றவனா நீ?"

தம்பி குவளையை நர்ஸிடம் திருப்பிக் கொடுத்தான். அவனைப் பேசாமல் அனுப்ப எனக்கு அதிகாரம் இல்லை. பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வேண்டாம், பொய் சொல்லிவிடு, கடன் வாங்கிய சட்டை என்று சொல்லிவிடு என்று மனசுக்குள் அடித்துக்கொண்டேன். அவன் அவரை நேராகப் பார்த்தான். இரண்டு பேரும் வாசலை அடைத்துக்கொண்டு நின்றிருந்தார்கள்.

"ஆமா சார்," என்றான். "வேலைக்கு நேரமாச்சு. ரெண்டு பேரும் கொஞ்சம் வழி விடுங்க."

ஒருவர் இடப்பக்கம் நகர்ந்தார், ஒருவர் வலப்பக்கம். நடுவில் தம்பி நடந்து போனான். பதினாலு மாதத்தில் முதல் முறையாக அவன் வாக்கியத்தோடு ஏழு வார்த்தை கூடுதலாக எழுதினேன்.

மூன்றாவது பக்கத்திலும் இரண்டு கையெழுத்து விழுந்தது.

பதிவேட்டின் நகலை அன்றே துறைக்கும், சட்டமன்றச் செயலகத்துக்கும் அனுப்பினேன். மூடச் சொல்கிற கோப்பை யாராலும் எடுக்க முடியவில்லை. மையம் முறையாகச் செயல்படுகிறது என்று இரண்டு கட்சியும் அறுபத்து மூன்று பேர் பேச்சுக்குக் கீழே மூன்று தடவை கையெழுத்துப் போட்டிருந்தன. படிக்காமல் போட்டேன் என்று எந்த உறுப்பினர் வெளியே சொல்வார்? இருபத்தெட்டாம் தேதி உத்தரவு வந்தது: மையம் தொடரும், மருந்து ஒப்பந்தம் மூன்று வருடத்துக்கு.

மறுநாள் எங்கள் சுவரில் இரண்டு சுவரொட்டி. மையத்தைக் காத்த தலைவர் என்று ஒன்றில் ஒருவர், இன்னொன்றில் மற்றவர். காக்கட்டும், யார் வேண்டுமானாலும் காத்துக்கொள்ளட்டும். ரொட்டிக் கம்பெனி முதலாளி தம்பியைக் கூப்பிட்டு, "பதினாலு மாசமா மருந்து குடிச்சிட்டுத்தான் ஓட்டுறியா?" என்று கேட்டாராம். "குடிக்கிறதாலதான் சார் ஓட்டுறேன்" என்றானாம் இவன். சாவியைத் திரும்ப வாங்கவில்லை.

சுவரொட்டி வந்த அன்று காலை வரிசையில் ஒரே கும்மாளம். தம்பி முறை வந்ததும் எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டார்கள். வெல்டர், "இன்னிக்காவது அக்காவுக்கு ஒரு நன்றி சொல்லுடா" என்றார். தம்பி குடித்தான். தண்ணீர் குடித்தான். நான் பேனாவோடு காத்திருந்தேன்.

"நாளைக்கும் வருவேன்" என்றான்.

கண்ணீர் எழுத்தை மறைத்தது. துடைத்துக்கொண்டு எழுதினேன்.