கடைசி ஆறு எண்கள்

அண்ணனுக்குக் கம்ப்யூட்டரைப் பிரித்து மாட்டுவதில் கைராசி உண்டு. அந்தக் கைராசியைப் பற்றி அவர் வாய் ஓயாமல் பேசுவார் என்பதுதான் தொல்லை. இதுவரை எத்தனை பெட்டிக்கு மதர்போர்டு மாற்றியிருக்கிறார் என்ற கணக்கை யாரும் கேட்காமலே ஒப்பிப்பார். அன்றைக்கும் தங்கையின் வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டார்.

தங்கை, காது கேளாத பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் ஆசிரியை. மூன்று வருடமாக ஒரு சைகை அகராதி செய்துகொண்டிருந்தாள். ஒரு சொல்லுக்கு ஒரு சின்ன வீடியோ என்று ஆயிரத்துத் தொள்ளாயிரம் வீடியோ. வெள்ளிக்கிழமை ஒப்படைக்க வேண்டும். இந்த நேரம் பார்த்து அவள் கம்ப்யூட்டர் பெட்டி அரை மணிக்கொரு தரம் அணைய ஆரம்பித்திருந்தது.

"விண்டோஸ் அப்படியே இருக்கணும்ணா. அந்த எடிட்டிங் சாப்ட்வேரை வித்த கம்பெனியே இப்ப இல்ல. அழிஞ்சா திரும்பப் போட முடியாது. வீடியோவெல்லாம் அதுலதான் திறக்கும்."

"டிஸ்கைத் தொடவே மாட்டேன். போர்டை மட்டும் மாத்திட்டு அதே டிஸ்கைச் சொருகுவேன். உன் விண்டோஸுக்கு வீடு மாறினதே தெரியாது."

"பிரிக்கறதுக்கு முன்னாடி ஏதாவது பாத்து வெச்சுக்கணுமா? இப்ப போட்டா இன்னும் அரை மணி ஓடும்."

"எனக்கே பாடம் எடுக்காத."

அவள் கம்ப்யூட்டர் வயரைப் பிடுங்கிக் கொடுத்தாள். அண்ணனோடு வாதாடி ஜெயித்தவர் அந்தக் குடும்பத்தில் கிடையாது.

சாப்பாட்டு மேசை மேல் பெட்டியைச் சாய்த்து, பழைய போர்டைக் கழற்றி, புதியதை மாட்டி, வயர்களைச் செருக முக்கால் மணி ஆனது. பொத்தானை அமுக்கினார். திரை நீலமாக வந்து நின்றது. டிஸ்க் பூட்டியிருக்கிறது, நாற்பத்தெட்டு இலக்கச் சாவியைக் கொடு என்றது.

அண்ணனுக்கு உடனே புரிந்துவிட்டது. அது பழைய போர்டை அடையாளம் பார்த்துத் திறக்கும் பூட்டு. போர்டைக் கழற்றுமுன் அதை நிறுத்திவைக்க வேண்டும். இரண்டு நிமிட வேலை, தொழிலுக்கு வந்த முதல் மாதமே எல்லோரும் கற்றுக்கொள்வது. தங்கையின் பெட்டிக்கு எவன் பூட்டுப் போட்டிருக்கப் போகிறான் என்று அலட்சியமாக விட்டுவிட்டார். பதறிப்போய்ப் பழைய போர்டையே திரும்ப மாட்டிப் பார்த்தார். கழற்றி மாட்டியதில் அது ஒரேயடியாகச் செத்திருந்தது, விளக்குகூட எரியவில்லை. புதியதை மறுபடி மாட்டினார்.

"இதுக்கு யாரு பூட்டுப் போட்டது?" என்றார், தப்பு அவள் மேல் என்பதுபோல.

"அவர்தான். வாங்கினப்ப எல்லாத்தையும் அவர் மெயில்லதான் செட் பண்ணார். சாவியும் அதுலதான் இருக்கும்."

அவர் என்றால் முன்னாள் கணவர். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு சண்டையில் தங்கை துணிமணியோடு இந்தக் கம்ப்யூட்டரையும் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு வந்தாள். நான்கு மாதம் அவர் வருவார் என்று காத்திருந்தாள். வரவில்லை என்று நினைத்துப் பிரிவுப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டாள். அவர் மூன்று முறை வந்தது அவளுக்குத் தெரியாது. மூன்று முறையும் அண்ணன் வாசலை மறித்து நின்று, "அவ உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்னுட்டா" என்று திருப்பி அனுப்பியிருந்தார். அவள் போன் நம்பரை மாற்றிக் கொடுத்ததும் அண்ணன்தான். எல்லாம் அவள் நல்லதுக்கு என்று இன்றைக்கும் நம்புகிறார். அவளுக்குத் தெரிந்தால் தொலைந்தோம் என்பதும் தெரியும்.

"அவன்கிட்ட நான் பால்கனியில போய்ப் பேசிட்டு வரேன்" என்றார் அண்ணன்.

"சாவி எண்ணை நான்தானே கீபோர்டுல அடிக்கணும். ஸ்பீக்கர்ல போட்டு இங்கயே வை."

மறுக்க ஒரு காரணமும் கிடைக்கவில்லை. நம்பரைப் போட்டு, ஸ்பீக்கரை அமுக்கி, போனை மேசை மேல் வைத்தார்.

"சொல்லுங்க மச்சான்." அந்த 'மச்சானில்' அத்தனை விஷம்.

அண்ணன் விஷயத்தைச் சொன்னார். மறுமுனையில் சிரிப்பு. "பூட்டை நிறுத்தாமயா போர்டைக் கழட்டினீங்க? ஊருக்கே மாட்டற ஆளாச்சே."

அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டார். சிறிது நேரத்தில் எண்கள் வந்தன. ஆறு ஆறாக, டிக்டேஷன் கொடுப்பதுபோல முன்னாள் கணவர் நிதானமாகப் படித்தார். தங்கை அடித்துக்கொண்டே வந்தாள். ஏழு வரிசை முடிந்ததும் குரல் நின்றது.

"இன்னும் ஆறு எண் இருக்கு" என்றாள் தங்கை.

"நீயும் இருக்கியா? நல்லதாப் போச்சு. மச்சான், உங்க வாசலுக்கு நான் எத்தனை தடவ வந்தேன்னு அவகிட்ட சொல்லுங்க. சொன்னா மீதியைத் தரேன்."

"பழசை எதுக்குக் கிளறற?"

"அப்ப போனை வெச்சிடறேன்."

தங்கையின் விரல்கள் கீபோர்டு மேலேயே இருந்தன. "வந்தாராண்ணா?"

புளுகுறான் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சொன்னால் அவன் வைத்துவிடுவான், மூன்று வருட உழைப்பும் அந்த நீலத்துக்குள்ளேயே கிடக்கும். தன் கைத்தவறால் அது போகிறது என்பதை அண்ணனால் தாங்க முடியவில்லை.

"மூணு தடவ. நான்தான் அனுப்பிட்டேன்."

"என்ன சொல்லி?"

"நீ பாக்க மாட்டேன்னுட்டன்னு."

அவள் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். போனில் கடைசி ஆறு எண்களும் வந்தன. அடித்தாள். விண்டோஸ் திறந்தது. சாப்ட்வேரும் திறந்தது. ஒரு வீடியோவை ஓட்டிப் பார்த்தாள். ஒரு சிறுமி இரண்டு கையையும் மார்பில் சேர்த்துச் சைகையில் ஏதோ சொன்னாள்.

"இப்பவாவது புரிஞ்சுதா? நான் எவ்வளவு..." என்று போன் ஆரம்பித்தது.

"என் மூணு வருஷத்தைக் கையில பிடிச்சு வெச்சுக்கிட்டு பேரம் பேசினீங்க. முதல்ல சாவியைக் குடுத்துட்டு அப்புறம் சொல்லியிருந்தா, உக்காந்து கேட்டிருப்பேன்." அவளே போனை அணைத்தாள்.

"சரியாக் கேட்ட" என்றார் அண்ணன், அவசர அவசரமாக.

அவள் அவரைப் பார்க்காமல் சொன்னாள். "மூடியில நாலு ஸ்க்ரூ பாக்கி இருக்கு. போட்டுட்டுக் கிளம்பு. இனிமே இந்த வீட்டுல எது ரிப்பேர் ஆனாலும் வேற ஆளைக் கூப்பிட்டுக்கறேன்."

அண்ணன் மேசை முழுக்க ஸ்க்ரூடிரைவரைத் தேடினார். அது அவர் கையில்தான் இருந்தது.