ஆரத்தித் தண்ணீர்

லாரிக்கு அடியில் மல்லாந்து படுத்து ரேடியேட்டரின் அடிக்குழாயை டிரைவர் ஆரோக்கியசெல்வம் திருகியபோது முதலில் வந்தது துருத் தண்ணீர்தான். பிறகு தண்ணீர் சிவந்தது. கல்யாண வீட்டு வாசலில் கொட்டுகிற ஆரத்தி போல இறங்கி, சட்டியை நிறைத்து, மண்ணில் வழிந்தது. பக்கத்தில் குந்தியிருந்த முதலாளி சின்னச்சாமி எழுந்து பின்னால் நகர்ந்தார்.

சின்னச்சாமிக்குச் சந்தேகப்பட ஒரு காரணம் வேண்டும் என்பதில்லை. ஜோசியக்காரன் நல்ல வாக்குச் சொன்னால் இவனுக்கு யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள் என்பார். வெள்ளைக்காரன் போய் ஒரு வருஷம் ஆகியும், அவன் போனதை இவர் முழுசாக நம்பவில்லை. அப்படிப்பட்டவர் புஞ்சையை விற்று டீசல் லாரி வாங்கி, அதை ராயப்பன்பட்டி வேதக்காரனான செல்வத்தின் கையில் கொடுத்துவிட்டுத் தன் ஊர் சுருளிப்பட்டியில் நிம்மதியாகத் தூங்குவது எப்படி? குமுளி மலை ஏறும்போது லாரி கொதித்துக் கொதித்து நிற்க ஆரம்பித்ததும் இருந்த தூக்கமும் போயிற்று. கிணற்று உப்பு உள்ளே காரை கட்டியிருக்கிறது, சலவைச் சோடா கரைத்து ஊற்றி ஒரு நடை ஓட்டிவிட்டுத் தண்ணீரை மாற்றிவிடலாம் என்று செல்வம் சொன்னதற்கு அரைமனதாகத்தான் தலையாட்டியிருந்தார்.

மண்வெட்டியோடு வயலுக்குப் போய்க்கொண்டிருந்த நல்லகண்ணு நின்று பார்த்தார். "எஞ்சினுக்குள்ள இருந்து ரத்தமா வருது. இது மலையாளத்து வேலை மாமா. மலைக்குப் போற வண்டியில எவன் என்னத்தச் செஞ்சு வச்சானோ" என்று சொல்லிவிட்டு நடந்தார். சும்மா நடக்கிற ஆள் இல்லை, வரப்புக்கு வரப்பு சொல்லிக்கொண்டே போவார். ஒரு டிரைவர் மேல் செய்வினை என்று பேச்சு விழுந்துவிட்டால், கம்பத்திலிருந்து தேனிவரை எந்த முதலாளியும் அவனை ஸ்டீயரிங் தொடவிடமாட்டான். செல்வத்துக்கு அது தெரியும். லாரிக்கு அடியிலேயே கொஞ்சநேரம் கிடந்தான்.

அது மஞ்சள் என்பதும் அவனுக்குத் தெரியும். போன மாதம் மலையிறக்கத்தில் கல் தெறித்து ரேடியேட்டர் ஒழுக ஆரம்பித்தது. ஒரு கைப்பிடி மஞ்சள்தூளைப் போட்டால் அது திரண்டு போய்ச் சின்ன ஓட்டையை அடைத்துக்கொள்ளும். பட்டாளத்தில் லாரி ஓட்டியபோது பழகிய வைத்தியம். முதலாளி அன்றைக்குச் சந்தைக்குப் போயிருந்தார். கொல்லைவாசலில் நின்று கேட்டான். முதலாளி மனைவி மொக்கம்மாள் கொட்டாங்கச்சியில் அள்ளிக் கொடுத்தாள். "அவுக வந்தா நீதேன் எங்கனயோ முட்டி ஒடச்சேம்பாக. போட்டுட்டுப் பேசாமப் போ தம்பி" என்றாள். நடந்தது அவ்வளவுதான். சோடா சேர்ந்தால் மஞ்சள் சிவக்கும் என்பதைப் பட்டாளத்தில் யாரும் சொல்லித்தரவில்லை.

மடியில் கனமில்லாவிட்டால் வழியில் பயமில்லை என்பார்கள். சொன்னவன் சின்னச்சாமியிடம் வேலை பார்த்ததில்லை.

"ஏலே, வெளிய வா. உள்ள என்னத்தப் போட்ட?"

"மஞ்சத்தூள் மொதலாளி. ஒழுகுச்சு. அடைக்கப் போட்டேன்."

"மஞ்சப் போட்டா மஞ்சளால்ல வரணும். எங்கன வாங்குன?"

செல்வம் லாரிக்கு அடியிலிருந்து நகர்ந்து வெளியே வந்தான். கடையில் என்று சொன்னால் எந்தக் கடை என்பார், போய் விசாரித்தும் வருவார். கொல்லைவாசல் என்ற உண்மையையோ சொல்லவே முடியாது. அந்த அக்காளின் பெயரை இழுத்துத் தன் பெயரைக் காப்பாற்றிக்கொள்வதற்கு அவனுக்கு மனம் வரவில்லை.

"மாதா மேல சத்தியமா மஞ்சள்தேன்" என்றான்.

"ஒங்க மாதா இரக்கப்பட்டு மன்னிச்சுப்புடும். எங்க கருப்பன் கோயிலுக்கு வந்து சூடம் அணைச்சுச் சொல்லு."

"வாறேன் மொதலாளி."

அது அவருக்கு இன்னும் சந்தேகமாகிவிட்டது. இவ்வளவு சுளுவாக எவனாவது சூடம் அணைக்க ஒப்புக்கொள்வானா?

அப்போது மொக்கம்மாள் வீட்டுக்குள்ளிருந்து வந்தாள். இடது உள்ளங்கையில் மஞ்சள்தூள், விரல் நுனியில் வெற்றிலைச் சுண்ணாம்பு. புருஷன் கண்ணெதிரே இரண்டையும் தேய்த்து, சட்டித் தண்ணீரின் நிறத்தில் சிவந்த கையை நீட்டினாள்.

"சுண்ணாம்பு போலத்தேன் சோடாவும். இதுக்கு எதுக்குக் கருப்பன் கோயிலு? மஞ்சத்தூளு நான் குடுத்தது."

சின்னச்சாமி அந்தக் கையையே பார்த்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒன்றை முழுசாக நம்பினார். வினையே அதில்தான் வந்தது. மஞ்சள் மஞ்சளேதான், இவள்தான் கொடுத்திருக்கிறாள், தனக்குத் தெரியாமல் கொடுத்திருக்கிறாள்.

"எங்கன வச்சுக் குடுத்த?"

"கொல்லையில."

"நான் இல்லாதப்ப."

"நீங்க இருந்தா அந்தத் தம்பி எதுக்குக் கொல்லைக்கு வருது?"

அவர் மேலே எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பாள். அவளை ஒரு தரமும் அவனை ஒரு தரமும் மாறிமாறிப் பார்த்தார். மொக்கம்மாளுக்கு அழுகை வரவில்லை, அருவருப்பாக இருந்தது. இத்தனை வருஷம் இந்த மனுஷனுக்கு ஆக்கிப்போட்டோமே என்று நினைத்தாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு தூணோரம் ஒதுங்கி நின்றாள்.

செல்வம் குழாயை மூடினான். வாய்க்காலில் மொண்டு வந்து குடம் குடமாக ஊற்றினான். நிறைந்து மூடி போடுவதற்குள் ரேடியேட்டர் ஒழுக ஆரம்பித்தது. சோடா காரையோடு சேர்த்து மஞ்சள் அடைப்பையும் கரைத்திருந்தது. பின்னால் காலையிலேயே ஏற்றிய வெங்காய மூட்டைகள் வெயிலில் வெந்துகொண்டிருந்தன.

"மலையேறணும்னா மறுபடி ஒரு கைப்பிடி மஞ்சத்தூள் வேணும்" என்றான், லாரியைப் பார்த்தபடி.

மொக்கம்மாள் நகரவில்லை. அவளை அனுப்பினால் அவள் கையால் அள்ளி வந்து அவன் கையில் கொடுப்பாள். சின்னச்சாமி தானே போகலாம். அடுப்படியில் மஞ்சள் எந்தக் கலயத்தில் இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது, தேடி எடுக்கிறவரைக்கும் இவர்கள் இரண்டு பேரும் இங்கே தனியாக நிற்பார்கள். வாசற்படிவரை போனார். நின்றார். திரும்பி வந்தார். யாராவது வருகிறார்களா என்று ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்தார். ஒரு ஈ காக்காய் இல்லை. லாரிக்கு அடியிலிருந்து தெளிந்த தண்ணீர் புழுதியில் மெல்ல ஊர்ந்து வந்து அவருடைய கால் விரல்களை நனைத்தது. அவர் நகரவில்லை.