இனிப்பைத் தொடாத கரப்பான்

மூன்று மணிக்கு உணவுப் பாதுகாப்பு அதிகாரி சோதனைக்கு வருகிறார். மணி இப்போதே ஒன்றேமுக்கால். பேக்கரியின் மாவு பிசையும் இயந்திரத்துக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தாள் பூச்சிமருந்துக்காரி. அருவருப்பாக இருந்தால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள் கண்ணுகளா: கரப்பான்கள் சொந்த வீட்டில் சாய்ந்திருப்பவைபோல் மீசையை ஆட்டிக்கொண்டிருந்தன.

போன மாதம் ஒன்றே ஒன்று கண்ணில் பட்டதற்கு எச்சரிக்கை. இன்று இன்னொன்று தெரிந்தால் உரிமம் ரத்து. கடை அவள் அண்ணனுடையது. மருந்து வைப்பவள் அவள்.

"நீ வைக்கிறது மருந்தா, சத்து டானிக்கா? கொழுகொழுன்னு இருக்கு!" என்றான் அண்ணன்.

"மருந்து பழகிடுச்சுண்ணே."

"ரெண்டு வருஷமா இதே பாட்டு. கூடுதலா அடிச்சுத் தொலை!"

தெளிப்பானைத் தூக்கியவளின் கை நின்றது. போன வாரம் வைத்த வெல்லப்பாகு மருந்துப் பொட்டுகள் வைத்தது வைத்தபடி காய்ந்து கிடந்தன. ஒரு பல் படவில்லை. பழகியிருந்தால் தின்றுவிட்டல்லவா உயிரோடு இருக்க வேண்டும்?

மருந்தில்லாத ஜாம் ஒரு துளி, எண்ணெய் தடவிய மாவு ஒரு கிள்ளு, இரண்டையும் தரையில் வைத்தாள். ஒரு கரப்பான் வந்தது. ஜாமில் வாய் வைத்தது. சுட்டதுபோல் பின்வாங்கி, வாயைத் துடைத்துக்கொண்டு மாவுக்குப் போய்த் தின்னத் தொடங்கியது. அடுத்ததும் அப்படியே.

"அண்ணே, இதுங்க பழகல. நான் வச்ச மருந்தை இனிப்புன்னு ஓடி வந்து தின்னதெல்லாம் செத்துடுச்சு. ஒண்ணு ரெண்டுக்குப் பிறவியிலேயே இனிப்பு ஆகாது போல. அது பிழைச்சுது. இப்ப இருக்கிறது பூரா அதோட பேரன் பேத்தி."

"குரங்கு மனுஷனாச்சுங்கிற கதையை என்கிட்ட அளக்காதே. நான் நம்பல."

"நானும்தான் நம்பினதில்ல. ஆனா கண்ணு பாக்குதே."

அண்ணன் அவளை முறைத்தான். "அப்ப இதுங்களைப் பொறுக்கியெடுத்து வளர்த்தது யாரு?"

காய்ந்த வெல்லப் பொட்டைக் காட்டினாள். "நான்தான்."

அவன் தெளிப்பானைப் பிடுங்கினான். மேசையில் நாளைய ரொட்டிக்கான மாவு திறந்தபடி பொங்கிக்கொண்டிருந்தது. அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"மாவுல படும். பிள்ளைங்க தின்கிற ரொட்டிண்ணே."

"விடுடி! கடை போச்சுன்னா என் பிள்ளைங்க என்னத்தத் தின்னும்?"

"இனிப்பில்லாம மருந்து உருட்டி வைக்கிறேன். பத்து நாள் குடு."

"பத்து நாளா? ஒரு மணி நேரம்கூட இல்ல!"

அவள் பிடியை விடவில்லை. அண்ணன் பொங்கும் மாவைப் பார்த்தான். பிறகு தெளிப்பான் தரையில் விழுந்து உருண்டது. அண்ணன் அடுப்பை அணைத்தான். இனி விற்க முடியாத மாவை முழுதாக அள்ளிக் குப்பையில் கொட்டினான். வாசல் ஷட்டரைப் பாதி இறக்கும்போது அதிகாரியின் செருப்பு தெரிந்தது.

"யாரு கடையை மூடச் சொன்னது?"

"பூச்சி இருக்கு சார், நிறைய. பத்து நாளைக்கு நானே மூடுறேன். என் தங்கச்சிதான் மூடச் சொன்னா."

கோபமாகச் சொன்னானா, நம்பிச் சொன்னானா, அவளுக்குப் பிடிபடவில்லை. அதிகாரி குனிந்து உள்ளே வந்தார். அவள் எண்ணெய் மாவில் மருந்து கலந்து உருட்டிய முதல் உருண்டையை இயந்திரத்துக்கு அடியில் தள்ளிவிட்டு, டார்ச்சை அவரிடம் நீட்டினாள்.