வேடியப்பனின் முதுகு

கடத்தூர் சாலையில் அந்த நிறுத்தத்துக்கு 'வேடியப்பன் கல்' என்று பேர். நடுகல் சாமி அது. கல் இருப்பதால் பஸ் நிற்கிறது. பஸ் நிற்பதால் பாஞ்சாலியின் டீக்கடை ஓடுகிறது. சாலையை அகலப்படுத்த வந்தவர்கள் கல்லை நகர்த்தச் சொன்ன நாளிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

எங்கே நகர்த்துவது என்பதில் ஊர் இரண்டாய் நின்றது. புலியைக் குத்திச் செத்த எங்கள் பாட்டனின் கல், கிழக்குத் தெருவுக்குத்தான் வரணும் என்றார் கரியன். மாடு மீட்கப் போய்ச் செத்த எங்கள் பாட்டன் என்றார் மேற்குத் தெரு மாது. கல்லைப் பார்த்தே தீர்த்துக்கொள்ளலாமே என்றால், பார்க்க என்ன இருக்கிறது? காலங்காலமாய்ச் சுண்ணாம்பும் மஞ்சளும் அப்பி, வெள்ளிக் கண் ஒட்டி, மொழுமொழுவென்று ஆக்கி வைத்திருந்தார்கள் புண்ணியவான்கள்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள பேசி முடிங்க. இல்லீனா மியூசியத்துக்கு ஏத்திருவேன்" என்றார் தாலுகா ஆபீஸிலிருந்து வந்த ஆர்.ஐ. கலைமணி.

வெள்ளிக்கிழமையும் வந்தது, கிரேனும் வந்தது, சண்டை மட்டும் தீரவில்லை. கல்லின் பின்பக்கம்தான் பாஞ்சாலியின் கடைக்குச் சுவர். அதை ஒட்டித்தான் அடுப்பு, அந்தச் சுவர்மேல்தான் ஈரத்துணி. அழுதுகொண்டே கடையைப் பிரித்துப் போட்டாள்.

பெல்ட் கட்டித் தூக்கியதும் கல் அந்தரத்தில் மெல்லத் திரும்பியது. புகையேறிக் கருத்திருந்த பின்பக்கத்தில் மேடும் பள்ளமுமாக ஏதோ தெரிந்தது. இறக்கச் சொன்னார் கலைமணி. பாஞ்சாலி தேங்காய் நாரை எடுத்துப் பாத்திரம் தேய்ப்பதுபோல் தேய்த்தாள். முதலில் கத்தி பிடித்த கை வந்தது. பிறகு கொண்டை. பிறகு முகம்.

எந்தக் காலத்திலோ ரோடு போட்டவன் கல்லைத் திருப்பி நட்டுவிட்டுப் போயிருக்கிறான். ஊர் அதற்கப்புறம் முதுகைத்தான் கும்பிட்டிருக்கிறது.

கரியன்தான் முதலில் சிரித்தார். "யோவ் மாது, இத்தன வருசமா முதுகுக்குத்தான்யா பொங்க வெச்சிருக்கறோம்!"

"முதுகுக்கு வெச்சும் மழ பேஞ்சுதில்ல?" என்று மாதுவும் சிரித்தார்.

பாஞ்சாலி மட்டும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "சாமி மூஞ்சியில கரித்துணி காயப்போட்டனே ஆத்தா!"

"பயப்படாதீங்க. இந்த ஊர்லயே உங்கள மட்டுந்தான் அவரு நேருக்கு நேரா பாத்துட்டு இருந்திருக்காரு" என்றார் கலைமணி. பாஞ்சாலிக்குச் சந்தோஷத்தில் மறுபடி அழுகை வந்தது.

சிரித்தவர்களுக்குச் சண்டை போட வாய் வரவில்லை. வெள்ளிக் கண்ணையும் விட மனசில்லை, முகத்தையும் விட மனசில்லை. முகம் ரோட்டைப் பார்க்க, வெள்ளிக் கண் ஊரைப் பார்க்க, இரண்டு பக்கமும் கும்பிட இடம் வேண்டும். அப்படி இருந்தது டீக்கடைக்குப் பின்னாலிருந்த புறம்போக்கு ஒன்றுதான். அங்கேயே நட்டார்கள். பக்கத்திலேயே கடையும் எழும்பியது, ஆனால் அடுப்பு தள்ளி.

வீரனின் காலடியில் ஒரு மிருகம் இருந்தது, பாதி தேய்ந்து. வாலைப் பார்த்தால் புலி என்கிறார் கரியன். கொம்பைப் பார் என்கிறார் மாது. ஆளுக்கொரு டீயைப் பிடித்துக்கொண்டு இரண்டு தெருவும் பொழுதன்னைக்கும் அங்கேதான் கிடக்கிறது. பாஞ்சாலிக்கு முன்பு ஒரு கேன் பால் போதும், இப்போது போதவில்லை.

கல்லைப் படித்துச் சொல்ல அடுத்த வாரம் மியூசியத்திலிருந்து ஒருவர் வருகிறாராம். அதைக் கேட்ட பாஞ்சாலி கடை திறந்ததும் கற்பூரம் ஏற்றி, அந்த முகத்தைப் பார்த்து ரகசியமாய்ச் சொன்னாள்.

"புலியோ மாடோ, நீ வாயத் தொறந்துராத சாமி."