மீன்களின் சனிக்கிழமை விரதம்

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு போன் வந்தது. முத்துமாரி எடுத்த எடுப்பிலேயே விஷயத்துக்கு வந்தாள்.

"பாப்பா, இன்னிக்கும் மிதக்குது. ஜல்தி வா."

பூங்கோதை தில்லி கிட்வாய் நகரில் ஆட்டோ பிடித்து, யமுனைப் பக்கத்துப் பூங்காவுக்கு வந்து சேர்ந்தபோது செத்த மீன்களைக் குளக்கரையில் வரிசையாகப் போட்டிருந்தார்கள். எல்லாம் ரோகு. ஒவ்வொன்றும் முழங்கை நீளம். மே மாத வெயிலில் அதற்குள் நாற ஆரம்பித்துவிட்டது.

ஆறு ஒரு காலத்தில் ஒதுங்கிப் போனபோது விட்டுச் சென்ற பள்ளம்தான் அந்தக் குளம். விலங்கியல் படித்துவிட்டு வேலை தேடிய பூங்கோதைக்கு, தினமும் அதன் தண்ணீரை அளந்து எழுதும் ஒப்பந்த வேலை பூங்கா அலுவலகத்தில் கிடைத்தது. யாரிடமும் அதிகம் பேச வேண்டியதில்லை என்பதாலேயே அவளுக்கு அது பிடித்திருந்தது. ஆறு மாதத்தில் அவள் வாயார ஏதாவது பேசியிருந்தால் அது முத்துமாரியிடம்தான். முத்துமாரிக்குக் கள்ளக்குறிச்சிப் பக்கம். குளத்துக்குப் பின்சுவரை ஒட்டிய குடிசைப் பகுதியில் இருந்தாள். மீனுக்குப் போடும் ஆட்டா மாவு உருண்டைகளைப் பூங்கா வாசலில் தட்டுத் தட்டாக அடுக்கி விற்பாள்.

"ஹோலியிலேர்ந்து ஒரு ஞாயித்துக்கிழமை விடல. நல்லவேளை, சேட்டு தப்பிச்சிட்டான்" என்றாள் முத்துமாரி.

சேட்டு என்பது குளத்திலேயே பெரிய ரோகு. வால் ஓரம் கிழிந்திருக்கும். உருண்டை விழுந்ததும் மற்ற மீன்களை இடித்துத் தள்ளிக்கொண்டு முதல் ஆளாக வருவதால் முத்துமாரி வைத்த பெயர். இன்று அது படிக்கட்டு மூலையில், வாயைத் தண்ணீருக்கு மேல் தூக்கித் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. மனிதர்கள் அருகில் வந்தும் நகரவில்லை.

அதன் பக்கத்திலேயே விரல் நீளக் கெண்டைகள் கூட்டமாக ஓடின. நடுக்குளத்தில் ஒரு விரால் மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டு நிதானமாக இறங்கியது.

"பெருசுங்கதான் சாவுது. பொடிசுங்களுக்கு ஒண்ணும் ஆவல பாரு" என்றாள் முத்துமாரி.

பூங்கோதை தலையாட்டினாள். அந்த வார்த்தை அவளுக்குள் எங்கோ போய் உட்கார்ந்தது.

மறுநாள் பூங்கா அலுவலகத்தின் ஜூனியர் இன்ஜினியர் ஹரிஷங்கர் அவளைக் கூப்பிட்டார். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் காகிதத்தில் இருப்பதைத்தான் நம்புவார். மேஜையில் அவளுடைய ஆறு மாதத் தாள்கள் பரப்பியிருந்தன.

"எல்லாம் உன் கையெழுத்துதான், பேட்டா" என்றார் இந்தியில். "தண்ணீரில் ஆக்ஸிஜன் ஏழு, ஏழரை, எட்டு. ஒரு நாள்கூடக் குறையவில்லை. தண்ணீர் நன்றாக இருக்கிறது, மீன் சாகிறது. அப்படியென்றால் யாரோ எதையோ கலக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்? குடிசைப் பக்கமிருந்து சோப்புத் தண்ணீர்க் குழாய் வருகிறது, பார்த்தாயா?"

முடிவு ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது. அடுத்த திங்கட்கிழமை மோட்டார் வரும். குளத்தை இறைத்து, அடியில் சிமெண்ட் போட்டு, கலர் விளக்கோடு ஃபவுண்டன் வைப்பார்கள்.

"சார், மீன்?" அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"சிமெண்ட் தொட்டியில் மீன் எதற்கு?"

அந்தக் குளத்தின் புல் ஓரத்தில் இரண்டு வகைச் சிறு கெண்டைகள் முட்டையிடுவதை அவள் பார்த்திருந்தாள். படிக்கும் காலத்தில், நகரத்தைக் கடக்கும் யமுனையில் அவள் தேடித் தேடிக் காணாத வகைகள் அவை. ஆற்றில் நுரையும் சாக்கடையும் துரத்திய பிறகு இந்தப் பள்ளத்தில் ஒளிந்து பிழைத்துக் கிடந்தன. அவற்றையும் சேர்த்து இறைக்க அவள் எழுதிய எண்களே சாட்சியாகப் போகின்றன.

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் முத்துமாரியின் வார்த்தை திரும்ப வந்தது. பெரியவைதான் சாகின்றன. விஷமாக இருந்தால் முதலில் சின்னவை செத்திருக்கும். விராலும் செத்திருக்கும். பெரிய உடம்புக்கு அதிக மூச்சு வேண்டும். காற்றை நேராக விழுங்கத் தெரிந்த விராலுக்குத் தண்ணீரை நம்ப வேண்டியதில்லை. இது விஷமில்லை. மூச்சு முட்டிச் செத்த சாவு.

பிறகு ஏன் மீட்டர் ஏழு என்கிறது?

கைப்பையிலிருந்து ஒரு தாளின் நகலை எடுத்துப் பார்த்தாள். நேரம் என்ற கட்டத்தில் மேலிருந்து கீழ்வரை ஒன்றேதான்: காலை 11, காலை 11, காலை 11.

மீட்டர் இருக்கும் அலமாரியின் சாவி கிளார்க்கிடம் இருந்தது. கிளார்க் பத்தரைக்கு வருவார். டீ குடிப்பார். அதனால் பதினோரு மணி. அந்த நேரத்தில் வெயில் ஏறி, குளத்துப் பாசி ஆக்ஸிஜனை வாரி விட்டுக்கொண்டிருக்கும். வெயில் போனால் அதே பாசி ஆக்ஸிஜனைத் தின்னத் தொடங்கும். விடியும்போதுதான் தண்ணீர் வெறுமையாக இருக்கும். முதல் வருஷப் பாடம் இது. காய்ச்சல் விட்ட பிறகு தெர்மாமீட்டர் வைத்துவிட்டு, ஆறு மாதமாக அவள் "நலம்" என்று எழுதி வந்திருக்கிறாள்.

அவளுக்குக் காது சூடானது. பஸ்ஸிலேயே அழுதுவிடுவோமோ என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பாதி வழியில் இறங்கி மறுபடி அலுவலகம் போனாள். மீட்டரை வீட்டுக்கு எடுத்துப் போக வாய்விட்டு அனுமதி கேட்கத் தைரியம் வரவில்லை. ஒரு சீட்டில் எழுதி நீட்டினாள். கிளார்க் படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

செவ்வாய் காலை அப்பாவின் ஸ்கூட்டரில் வந்து ஐந்து மணிக்கு அளந்தாள். இரண்டு புள்ளி ஆறு. புதன் காலை ஒன்று புள்ளி ஏழு. வியாழன் இரண்டு புள்ளி ஐந்து. வெள்ளி இரண்டு புள்ளி ஒன்பது.

புதன் மட்டும் ஏன் இப்படி விழுந்தது என்று வெள்ளிக்கிழமை யோசித்தபடி வாசலுக்கு வந்தவள் அப்படியே நின்றாள். முத்துமாரி பெரிய தாம்பாளத்தில் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். செவ்வாய்க்கிழமை ஹனுமானுக்காகக் கொஞ்சம் கூட்டம் வரும். சனிக்கிழமை சனி பகவானுக்காகக் கார் காராக வரும். ஜோசியர் சொன்னபடி நூற்றியெட்டு உருண்டை, இருநூற்றுப் பதினாறு உருண்டை என்று மீனுக்குப் போடுவார்கள். மீன் தின்றது போக மீதி அடியில் போய் அழுகும். அழுகுவதும் மூச்சு வாங்குகிற வேலைதான். செவ்வாய் போட்டது புதன் விடியலில், சனி போட்டது ஞாயிறு விடியலில்.

"என்னா பாப்பா, பேயப் பாத்த மாதிரி நிக்கிற?"

"ஒண்ணுமில்லக்கா."

"உன் மூஞ்சி பொய் சொல்லாது. சொல்லு."

பூங்கோதை சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் மூன்று முறை நிறுத்தினாள். முத்துமாரியின் கை மாவிலேயே நின்றது.

"அப்ப நான்தான் கொன்னேன்னு சொல்ற."

"அக்கா, அப்படிச் சொல்லல..."

"என்னா சொல்லல? ஆபீஸ்காரன் என் வூட்டுக் குழாயச் சொல்றான். நீ என் மாவச் சொல்ற. மொத்தத்துல பழி முத்துமாரி தலைமேல. படிச்சவங்க எல்லாம் ஒண்ணுதான், போ!"

"நானும்தான்க்கா" என்றாள் பூங்கோதை. "பதினோரு மணிக்கு அளந்து அளந்து எல்லாம் சரியா இருக்குன்னு எழுதிக் குடுத்தது நான். அத வெச்சுதான் குளத்த மூடுறாங்க."

முத்துமாரி தாம்பாளத்தை ஒரு துணியால் மூடினாள். எழுந்து படிக்கட்டு வரை போனாள். சேட்டு அவள் நிழலைப் பார்த்ததும் வந்து வாயைத் திறந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள்.

"தின்னிப் பயலே. இதத் தின்னுதானா மூச்சு முட்டுன?" பிறகு திரும்பினாள். "சரி, நாளைக்கு ஒரு நாள் ஒரு உருண்டைகூடத் தண்ணில விழலன்னா?"

"ஞாயித்துக்கிழமை ஒண்ணுகூடச் சாகாது." சொன்ன பிறகுதான் எவ்வளவு பெரிய வார்த்தை சொல்லிவிட்டோம் என்று அவளுக்கு உறைத்தது.

"அவ்ளோ கூட்டத்த நீ எப்படித் தடுப்ப? ஒரு ஆள்கிட்டப் பேசவே உனக்கு வேர்க்குது."

"போர்டு எழுதி வைக்கலாம்."

"தில்லில எவன் போர்டு படிக்கிறான்? நீ சும்மா இரு. நான் பாத்துக்கறேன்."

சனிக்கிழமை காலை முத்துமாரி எப்போதையும்விட அதிகமாக உருண்டை பிடித்து வைத்திருந்தாள். பக்கத்தில் ஒரு பெரிய நீல டிரம். முதல் கார் வந்தது. சஃபாரி சூட் போட்ட ஒருவர் தட்டை வாங்கிக்கொண்டு குளத்துப் பக்கம் திரும்பினார்.

"பையா, தண்ணியில போடாதீங்க" என்றாள் முத்துமாரி, தன்னுடைய கள்ளக்குறிச்சி இந்தியில். "இன்னிக்கு மீனுக்கு வ்ரத்."

"என்ன?"

"விரதம். மீன் விரதம் இருக்கு."

"மீன் எங்கேயாவது விரதம் இருக்குமா?"

"நீங்க இருக்கலாம், அது இருக்கக் கூடாதா? தட்டைத் தண்ணிகிட்டக் காட்டி ஒரு கும்பிடு போடுங்க. உருண்டைய இந்த டிரம்முல போடுங்க, கோசாலையிலேர்ந்து வண்டி வருது. மாட்டு வயித்துக்குப் போனாலும் புண்ணியம்தான். விரதத்துல இருக்கிறவன் வாயில சோத்தத் திணிச்சா சனி பகவான் சும்மா விடுவாரா?"

அவர் குளத்தைப் பார்த்தார், டிரம்மைப் பார்த்தார். கும்பிட்டுவிட்டு டிரம்மில் போட்டார். அவரைப் பார்த்து அடுத்தவர் போட்டார். பத்து மணிக்குள் பூங்கா முழுவதும் செய்தி பரவியிருந்தது: இன்று மச்லிகளுக்கு வ்ரத். ஒரு பாட்டுக் கோஷ்டி கரையில் உட்கார்ந்து பஜனையே ஆரம்பித்துவிட்டது.

பூங்கோதைக்குச் சிரிப்பும் வந்தது, உறுத்தலும் இருந்தது. அப்போதுதான் பச்சைச் சுடிதார் அணிந்த ஒரு பெண்மணி, கையில் மூடிய டப்பாவோடு, நேராக அவளிடம் வந்தார். பூங்கோதையின் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பார்த்துவிட்டுத்தான் வந்தார்.

"நீ ஆபீஸ் பெண்தானே? உண்மையைச் சொல். விரதம் எல்லாம் சும்மாதானே? என் பையனுக்கு உடம்பு சரியில்லை. நான் வேண்டிக்கொண்டு வந்திருக்கிறேன். போட்டுவிட்டுத்தான் போவேன்."

சுற்றியிருந்தவர்கள் திரும்பினார்கள். முத்துமாரி பூங்கோதையைப் பார்த்தாள். ஆமாம் விரதம்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவளால் அது முடியவில்லை.

"விரதம் இல்லை, ஆன்ட்டி" என்றாள் இந்தியில். "அவற்றால் மூச்சு விட முடியவில்லை."

மீட்டரை எடுத்துக் காட்டினாள். விடியற்காலையில் எண் எப்படி விழுகிறது, அடியில் மாவு அழுகினால் என்ன ஆகிறது, போன ஞாயிற்றுக்கிழமை இதே படியில் சேட்டு எப்படி வாயைத் திறந்துகொண்டு கிடந்தது என்று சொன்னாள். தொடங்கியபோது குரல் நடுங்கியது. பாதியில் நடுக்கம் போனதை அவள் கவனிக்கவில்லை. பின்னால் நின்றவர்கள் "கொஞ்சம் சத்தமாக" என்றார்கள். சத்தமாகச் சொன்னாள்.

"உங்கள் பையனுக்காக இன்று இவற்றுக்கு ஒரு நாள் மூச்சு கொடுங்கள்" என்று முடித்தாள்.

அந்தப் பெண்மணி டப்பாவைத் திறந்து, உருண்டைகளை ஒவ்வொன்றாக, எண்ணிக்கை தவறாமல் டிரம்மில் போட்டார். மதியம் வரை அங்கேயே நின்று, வருகிறவர்களுக்கெல்லாம் அவரே விளக்கம் சொன்னார். பூங்கோதை சொன்னதைவிடக் கொஞ்சம் கூட்டியே சொன்னார்.

அன்று மாலை பூங்கோதை முதல் முறையாக ஹரிஷங்கருக்கு போன் செய்தாள். "சார், நாளைக்குக் காலை ஐந்து மணிக்குக் குளத்துக்கு வர வேண்டும்."

"ஞாயிற்றுக்கிழமையா? ஐந்து மணிக்கா? உனக்கு உடம்பு சரியில்லையா?"

"வந்தே ஆக வேண்டும், சார்." சொல்லிவிட்டு, அவர் மறுக்குமுன் வைத்துவிட்டாள்.

அவர் வந்தார். ரப்பர் செருப்பும் கசங்கிய குர்தாவுமாக, கையில் டீ பிளாஸ்க்கோடு, கொட்டாவி விட்டபடி. கிழக்கு வெளுத்துக்கொண்டிருந்தது. முத்துமாரி ஏற்கெனவே படிக்கட்டில் குந்தியிருந்தாள். மூவரும் குளத்தை ஒரு சுற்றுச் சுற்றினார்கள். புல் ஓரம், மூலை, குழாய் வாய். ஒரு மீன்கூட மிதக்கவில்லை.

பூங்கோதை மீட்டரை இறக்கினாள். எண் ஏறி, தயங்கி, நின்றது. மூன்று புள்ளி நான்கு.

வாரம் முழுவதும் எழுதிய தாளை நீட்டினாள். ஹரிஷங்கர் படித்தார். நேரக் கட்டத்தில் விரல் வைத்து, மேலிருந்து கீழாக இழுத்துக்கொண்டே போனார். புதனில் நின்றார்.

"சோப்புத் தண்ணீர் எல்லா நாளும்தானே வருகிறது?"

"ஆமாம், சார். நேற்றும் வந்தது."

"அப்படியானால்..." என்று இழுத்தார். பதினோரு மணி என்றே எழுதியிருந்த பழைய தாள்களில் தானும் கையெழுத்துப் போட்டது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். பிளாஸ்க்கைக் கீழே வைத்துவிட்டு போனை எடுத்தார்.

"குப்தாஜி, நாளைக்கு மோட்டார் வேண்டாம். இல்லை, தள்ளிவைக்கவில்லை. வேண்டாம் என்றால் வேண்டாம். மீன் இருக்கிறது இங்கே."

முத்துமாரி இந்தியில் கேட்டுத் தமிழில் கத்தினாள். "அடி சக்கை!" பூங்கோதையின் இரண்டு கன்னத்தையும் பிடித்து ஆட்டினாள். கையில் காய்ந்த மாவு இருந்தது.

தண்ணீர் சளப்பென்று அடித்தது. சேட்டு. படிக்கட்டு மூலையில் இல்லை, நடுக்குளத்தில். முதுகைக் காட்டி, கிழிந்த வாலால் ஓங்கி ஒரு அடி அடித்துவிட்டு ஆழத்துக்குப் போனது. கரையோரம் கெண்டைக் கூட்டம் வெள்ளியாகத் திரும்பி, மறுபடி திரும்பியது.

"திமிரப் பாரு" என்றாள் முத்துமாரி. பிறகு யோசனையோடு மோவாயைச் சொறிந்தாள். "பாப்பா, செவ்வாக்கெழம ஹனுமான்காரங்க வருவாங்களே. விரதம் முடிஞ்சுதான்னு கேட்டா என்னா சொல்றது?"

பூங்கோதை தாளில் நேரக் கட்டத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள். காலை 5.10. தலை நிமிராமல் சொன்னாள்.

"முடியலன்னு சொல்லுக்கா. இந்த மீனெல்லாம் ரொம்ப பக்தி."